அறுபத்தைந்தில் நிற்காத வண்டி

லாரிகளுக்கு வேகப்பூட்டு வரப்போகிறது என்று சொன்ன கூட்டத்தில் அதிகம் கத்தியது வெர்லின் டீட்ஸ்தான்.

"இருபது வருஷமா ஒரு கீறல் இல்லாம ஓட்டுறேன். என் கால் மேல நம்பிக்கை இல்லன்னா இப்பவே சொல்லிடு கிளேட், சாவிய வெச்சுட்டுப் போறேன்!"

மேலாளர் கிளேட் அசைந்து கொடுக்கவில்லை. கம்பெனியின் எல்லா லாரிகளும் இனி மணிக்கு அறுபத்தைந்து மைலைத் தாண்டாது. டீசல் மிச்சமாகும் என்றான். நெப்ராஸ்காவில் அவர்கள் ஓடும் நெடுஞ்சாலையிலோ எழுபத்தைந்து வரை போகலாம். கார்கள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு முந்தும், நாம் ஆமை மாதிரி ஊர வேண்டுமா என்று டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். மைல் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒர்க் ஷாப்பில் பூட்டு போட்ட மறுநாள் காலை, வெர்லின் மாட்டுத்தீவனம் ஏற்றிக்கொண்டு ஒமாஹாவுக்குக் கிளம்பினான். அறுபத்தைந்து வந்ததும் ஆக்ஸிலேட்டர் செத்துப்போகும் என்று காத்திருந்தான். முள் அறுபத்தெட்டுக்குப் போனது. எழுபதைத் தாண்டியது. அவனுடைய வண்டியை மட்டும் விட்டுவிட்டார்கள்! தனியாக இருந்தும் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

யாரிடமும் சொல்லவில்லை. தூரத்தில் கம்பெனியின் பச்சை லாரி தெரிந்தால் மட்டும் வேகத்தைக் குறைத்து, பூட்டுப் போட்ட வண்டி போலப் பின்னால் ஊர்ந்து போவான்.

அதே வண்டியை மதியத்துக்கு மேல் ஓட்டுகிறவள் மார்லிஸ் போஹாச். கணவன் இறந்து, பண்ணையையும் விற்ற பிறகு, வெர்லின் சிபாரிசு செய்துதான் இந்த வேலைக்கு வந்தாள். அவள் மெதுவாக ஓட்டுகிறவள், எங்கே கவனிக்கப் போகிறாள் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் மறுபடியும் கூட்டம். கிளேட்டுக்கு முகமெல்லாம் பல். எல்லா வண்டிகளிலும் டீசல் செலவு இறங்கியிருந்தது. வெர்லினும் மார்லிஸும் ஓட்டுகிற ஒன்றைத் தவிர.

"மார்லிஸ், ரோட்டுல என்னதான் பண்றீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். "வெர்லின் ஓட்டுறது இருபது வருஷமா எங்களுக்குத் தெரியும்."

"எஞ்சின அணைக்காம ஹீட்டரப் போட்டுட்டு நல்லாத் தூங்குறாங்க போல!" பின்வரிசையில் ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

மார்லிஸ் ஒரு கணம் வெர்லின் பக்கம் திரும்பினாள். பிறகு, "சரி, பாத்துக்கறேன்" என்றாள்.

வெர்லின் குனிந்துகொண்டான். 'இப்போது சொல்லிவிடு' என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. கையிலிருந்த டோனட்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

மார்லிஸின் மதிய ஓட்டத்தைப் பிடுங்கினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களோடு டிரைவிங் வகுப்பில் உட்கார வைத்தார்கள். மற்ற நேரத்தில் லாரிகள் நிற்கும் யார்டுக்குள்ளேயே டிரெய்லர்களை இழுத்து நிறுத்துகிற வேலை. தினமும் கேட்டைத் தாண்டும்போது அவளைப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் கண்ணாடியைச் சரிசெய்வதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

யாரும் பூட்டாமலேயே அவன் அறுபத்தைந்தில் ஓட்ட ஆரம்பித்தான். கொஞ்சம் பிந்தித்தான் வீடு திரும்பினான். தோள்பட்டை முன்போல வலிக்கவில்லை. இந்தக் கொஞ்ச நேரத்துக்காகவா ஒருத்தியைத் தலைகுனிய வைத்தோம் என்ற நினைப்பு அவனை விடவில்லை.

ஒருநாள் மதியம் யார்டில் அவளிடம் போனான்.

"மார்லிஸ், அந்த வண்டிக்குப் பூட்டே போடல. நான்தான்..."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"முதல் நாள்லேருந்து. நானும் அதே வண்டிதானே ஓட்டுனேன்? மிதிச்சேன், எழுபதுக்குப் போச்சு. காலை எடுத்துட்டேன்."

"அப்ப ஏன் நீ சொல்லல?"

"வேலை வாங்கிக் குடுத்த மனுஷன், நீயே சொல்லிடுவேன்னு இருந்தேன்." கையுறையைக் கழற்றித் தொடையில் தட்டினாள். "கூட்டத்துல உன்னப் பாத்தேன் வெர்லின். நீ டோனட்டப் பாத்துக்கிட்டிருந்த."

அவன் அங்கிருந்து நேரே கிளேட்டின் அறைக்குப் போனான்.

கிளேட் முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். "சரி விடு. பூட்டு போட்டுடலாம். அவங்களுக்கும் ஓட்டத்தத் திருப்பிக் குடுத்துடறேன். வெளிய தெரிஞ்சா உனக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்."

எவ்வளவு சுலபமான வழி! வெர்லின் தலையாட்டியும்விட்டான். கதவுப்பிடியில் கை வைத்த பிறகுதான் திரும்பினான்.

"இல்ல கிளேட். எல்லார் முன்னாடியும் அவ மேல பழியப் போட்டோம். எல்லார் முன்னாடியும்தான் எடுக்கணும்."

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னான். பாதி வார்த்தைகள் அவனுக்கே கேட்கவில்லை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. கிளேட் தரையைப் பார்த்தபடி மார்லிஸிடம் மன்னிப்புக் கேட்டான்.

மார்லிஸுக்கு மதிய ஓட்டம் திரும்பக் கிடைத்தது. ஆனால் வேறு வண்டி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது எதிர்த்திசையில் வரும்போது, ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி அவனுக்கு வணக்கம் சொல்கிறாள். அந்தச் சாலையில் எதிரே வருகிற எந்த லாரிக்காரனுக்கும் சொல்கிற வணக்கம்தான் அது.