வாசித்தவர் தாசையன், ஒத்துப் பார்த்தவள் விலாசினி

காலை ரப்பர் வெட்டி முடித்து வந்த தாசையன், கையைக்கூடக் கழுவாமல், சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு தாளை எடுத்து மனைவி விலாசினியின் லேப்டாப் மேல் வைத்தார்.

"வைகிட்டு நாலு மணிக்கு இங்க கூட்டம். அதுக்கு முன்ன இதை அடிச்சு வையி."

சொன்னார் என்பதைவிடக் கத்தினார் என்பதே சரி. முற்றத்தில் கிளறிக்கொண்டிருந்த கோழிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. தன் குரல் எவ்வளவு பெரிதாக வெளியே போகிறது என்பது பதினான்கு மாதமாக அவருக்குத் தெரியாது. ஒரு காய்ச்சல் வந்து போனது; போகும்போது இரண்டு காதையும் கையோடு கொண்டுபோய்விட்டது. நரம்பு போய்விட்டது, மெஷின் வைத்தாலும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொன்னதை விலாசினிதான் தேதிக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் காட்டினாள். அன்று முதல் அந்த வீட்டில் பேச்செல்லாம் காலண்டர் தாளில்தான். 'சோறு ரெடி.' 'மாத்திரை.' 'தங்கப்பன் வந்துட்டுப் போனார்.' முதல் இரண்டு மாதம் தாசையன் வாயால் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையே கண்ணை மூடி மௌனமாக ஜெபித்துக்கொண்டிருக்கும்போது "குடை எடுத்தியா?" என்று அவர் கேட்டது கோயில் முழுக்க முழங்கியது. திரும்பிய முகங்களை அவர் பார்த்துவிட்டார். அதன் பிறகு ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசினால் அதிகம்.

தாளைப் பிரித்தாள். மலையாளத்தில், பென்சிலில், மூன்றே வரி. காது கேளாமையால் ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தின் பிரசிடெண்ட் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். பத்தொன்பது வருஷப் பதவிக்கு மூன்று வரியில் ராஜி. இரண்டு காற்புள்ளி விடுபட்டிருந்தது என்பது வேறு விஷயம்.

விலாசினி அதை அடிக்கப்போவதில்லை. அந்தச் சங்கம் போனால் இந்த மனிதருக்கு மரங்களைத் தவிர வேறு சகவாசம் இருக்காது, மரங்கள் ஏற்கெனவே பேசாத ஜாதி. அவளுக்கு அவளுடைய தாசையன் திரும்ப வேண்டும். அதற்கான ஏற்பாட்டை மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டாள்.

ஏற்பாடு என்பது ஒரு நிரல். ஆள் பேசப் பேச, கேட்டு, திரையில் எழுதும். இலவசம். போனிலும் அப்படி ஒன்று உண்டுதான். ஆனால் ரப்பர்க் காட்டுக்குள் கிடக்கும் இந்த வீட்டில் நெட் பாதி வாக்கியத்தில் செத்துப்போகும். இது ஒருமுறை லேப்டாப்பில் இறங்கிவிட்டால் நெட் வேண்டாம். ஒரே ஒரு சங்கடம்: படத்தைத் தொட்டால் திறக்கிற சமாச்சாரமில்லை. ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, அதில் கட்டளைகளை வரி வரியாக அடித்து, அதன் மனசு கோணாமல் உள்ளே கொண்டுவர வேண்டும். வழிமுறையை நான்கு பக்கமாக அச்செடுத்து வைத்திருந்தாள்.

பெங்களூரிலிருந்து அண்ணன் மகன் நிஜின் போனில் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தான். "அத்தே, அது வேற லோகமாக்கும். கிறிஸ்மஸுக்கு வரும்போ நான் போட்டுத் தாறேன், நீங்க ஒண்ணையும் தொடாதீங்க" என்று முடித்துக்கொண்டான். அமரவிளையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெயதாஸிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவன் திரையைப் பார்த்த மாத்திரத்தில் ஃபார்மாட் பண்ணணும் என்றான்.

"நீ அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சியா?"

"இதொக்க ஆரு சேச்சி வாசிக்கியது?"

அந்த ஒரு பதிலில் விலாசினிக்குத் தெம்பு வந்துவிட்டது. இவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை, வாசிக்கத்தான் பொறுமை இல்லை. அவளோ நெய்யாற்றின்கரை கோர்ட்டில் நகல் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். பாதி அர்த்தம் தெரியாமலே எத்தனையோ ஆயிரம் பக்கம் இங்கிலீஷ் அடித்து, ஒரு புள்ளி பிசகாமல் கொடுத்தவள். புரியாததைக் கண்டு பயப்படும் வியாதி அவளுக்கு எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

கறுப்பு ஜன்னல் முதலில் சொன்னது, இப்படி ஒரு கட்டளையை நான் அறியேன் என்று. மற்றவர்களாயிருந்தால் அதைக் கண்டதும் நிரல் ஏறவில்லை என்று அழித்து மறுபடி ஏற்றுவார்கள். விலாசினி இரண்டு முறை நிதானமாக வாசித்தாள். ஆள் இல்லை என்று அது சொல்லவில்லை, அறியேன் என்றுதான் சொல்கிறது. சம்மன் திரும்பி வந்தால் ஆள் செத்துவிட்டான் என்றா அர்த்தம்? விலாசம் சரியில்லை என்று அர்த்தம். அச்செடுத்த தாளில் தேடினாள். நிரலை ஏற்றும்போது ஒரு கட்டத்தில் டிக் போட்டு விலாசத்தைப் பதிந்துவைக்க வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. போட்டாள், ஏறியது.

அடுத்த முறை முப்பது வரி கொட்டியது. அவள் மேலே இருந்து ஆரம்பிக்கவே இல்லை. தீர்ப்பு எவ்வளவு நீளமானாலும் உத்தரவு கடைசிப் பத்தியில்தான் இருக்கும் என்பது கோர்ட் வராந்தாவில் டீ விற்கிறவனுக்கும் தெரியும். கடைசி வரி, ஒரு கோப்பைக் காணவில்லை என்றது. ஒலியைப் பிரித்துக் கொடுக்க வேறொரு நிரல் துணைக்கு வேண்டுமாம். சாட்சி ஆஜராகவில்லை, அவ்வளவுதான். அதையும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

ஆனால் மூன்றாவது இடத்தில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நின்றாள். கடைசி வரி தெளிவாகச் சொல்கிறது: நீ கொடுத்ததில் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. தாளில் இருப்பதைத்தானே அப்படியே அடித்திருக்கிறாள்? இருபது முறை பார்த்தாயிற்று. இன்று காலை அந்த ராஜிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் நகல் பிரிவின் முதல் விதி நினைவுக்கு வந்தது. தான் அடித்ததைத் தானே ஒத்துப் பார்க்கக் கூடாது. கண், இருப்பதை விட்டுவிட்டு, இருக்க வேண்டியதை வாசித்துவிடும். ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க வேண்டும், இன்னொருவர் நகலில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். வாசித்தவர், ஒத்துப் பார்த்தவர் என்று நகலின் அடியில் இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும்.

காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்: 'கம்ப்யூட்டர் சரியில்லை. நீங்கள் இதை வாசித்தால் சரியாகும்.'

எழுதியதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கோர்ட்டில் வேலை பார்த்தவள் அல்லவா?

தாசையன் அச்சுத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது இங்கிலீஷாக்கும்" என்றார்.

'எழுத்து எழுத்தாக' என்று எழுதிக் காட்டினாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். சரி என்றால் மணிக்கட்டில் விரலால் ஒரு தட்டு, நில் என்றால் ஒரு அமுக்கு. செய்து காட்டினாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பி." தட்டு. "ஒய்." தட்டு. "டி." தட்டு. பத்தாம் கிளாஸ் இங்கிலீஷ் மெல்லத் துரு உதிர்ந்து வந்தது. "இடம். கோடு. எம். இடம்." பதினான்கு மாதத்தில் அந்தக் குரலை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் அவள் கேட்டதில்லை. அர்த்தமே இல்லாத எழுத்துகள். புள்ளி, கோடு, இடம். விலாசினி கேட்டுக்கொண்டே இருந்தாள். திரையில் விரல் வைத்த இடம் ஒரு நொடி தப்பிப்போய், அவரை நிறுத்தி, முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். தேவைக்கு நிறுத்தினாளா, ஆசைக்கு நிறுத்தினாளா என்று கேட்டால் அவளாலேயே சத்தியம் பண்ண முடியாது.

ஏழாவது வரியில் தாசையன் தாளைக் கண்ணருகில் கொண்டுபோனார்.

"கோடு... இல்ல. நில்லு. இது ஒரு கோடில்ல கேட்டியா. ரெண்டு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு."

அவள் வாங்கிப் பார்த்தாள். நீளமான ஒற்றைக் கோடாகத்தான் தெரிந்தது. அவர் கட்டைவிரல் நகத்தை நடுவில் வைத்துக் காட்டினார். அங்கே மயிரிழை அளவுக்கு ஒரு வெளுப்பு. பட்டையில் ஒரு நூல் ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. முப்பத்தைந்து வருஷம் அந்த நூலைப் பார்த்துப் பழகிய கண். அவள் ஒரு கோட்டை அழித்துவிட்டு இரண்டு அடித்தாள். என்டரைத் தட்டினாள்.

கறுப்பு ஜன்னல் திட்டவில்லை. ஒரு பட்டை தோன்றி, பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று சதவீதம் ஏறத் தொடங்கியது. பெரிய கோப்பு ஒன்றை இறக்குகிறது. பதினாறில் நின்றது. போனிலிருந்து வரும் நெட் இல்லை.

"இனி என்னவாம்?" என்றார் தாசையன். அவள் போனைக் காட்டி வானத்தைக் காட்டினாள். ராஜிக் கடிதம் நேரத்துக்கு அடித்து முடிய வேண்டுமே என்ற அவசரம் அவருக்கு. புளி வாங்கின துணிப்பையில் போனைப் போட்டு, முருங்கைக்காய் பறிக்கும் தோட்டிக் கம்பின் நுனியில் கட்டி, ஜன்னலுக்கு வெளியே ஓட்டு விளிம்புக்கு மேலே தூக்கி நிறுத்தினார். பதினேழு. பதினெட்டு. மத்தியானச் சோற்றைத் தோட்டியைப் பிடித்தபடியே நின்று தின்றார், கை கழுவவும் நகரவில்லை. விலாசினிக்குச் சிரிப்பும் பாவமுமாக வந்தது. மூன்றே முக்காலுக்கு நூறு ஆனது. 'கேட்கிறேன்' என்ற அர்த்தத்தில் ஒரு இங்கிலீஷ் சொல் வந்து, அதன் கீழே எழுத்து வர வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கட்டி மின்னி மின்னி நின்றது.

"ஆச்சா? அப்போ லெட்டரை அடி" என்று தாசையன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

என்ன பேசுவது? மூன்று வாரமாக இதை அவள் யோசிக்கவே இல்லை. வாயைத் திறந்தாள். கண் அவர் கையில் போய் நின்றது.

"கையைக் கழுவாம லேப்டாப்பைத் தொடப்பிடாதுன்னு எத்தற பிராவசியம் பறையணும்?"

மூன்று நொடி கழித்து, அதே சொற்கள், இரண்டு பிழையோடு, திரையில் ஓடி வந்தன. தாசையன் வாசித்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவ்வளவுதான், விலாசினிக்கு மடை உடைந்தது. காலண்டர் தாளில் சோறு என்று எழுதலாம், மாத்திரை என்று எழுதலாம். திட்டை எழுத முடியுமா? எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிப்போகும். பதினான்கு மாதத்துத் திட்டு மொத்தமும் வெளியே வந்தது. கட்டிலில் போடும் ஈரத்துண்டு, பாதியில் நிறுத்திய மாத்திரை, கோயிலுக்கு வராதது, சங்கத்துத் தங்கப்பன் வந்தால் பின்வாசல் வழியாகக் காட்டுக்குள் போய் ஒளிவது. திரை ஏறிக்கொண்டே போனது. தாசையன் உதடு அசைய வாசித்து வாசித்துத் துரத்தினார்.

"மெல்ல, மெல்லட்டீ. அது மூச்சு வாங்குகு" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் சட்டென்று முகம் மாறியது. "இதுக்காக்குமா காலத்தே முதல் என்னை வாசிக்க வச்சது?"

'ஆமா' என்று எழுதியது திரை.

அவர் கடிதத்தை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, பைக்குள் வைத்தார். "பெட்டியைப் பாத்தா எனக்க காது வந்திருமா? நாலு ஆளுக்க நடுவில அதையும் தூக்கி வச்சுக்கிட்டு நான் இருக்கணும், இல்லியா? பென்சில்ல எழுதினதே போதும். குடுத்திருவேன்."

மேலும் பேச நேரமில்லை. தங்கப்பன் வந்துவிட்டார், பின்னால் ரத்னபாயும் சங்கத்து மற்றவர்களுமாக எட்டுப் பேர். விலாசினி ஒன்றும் நடக்காததுபோல லேப்டாப்பை ஒரு முக்காலியில் வைத்து, திரையைத் தாசையன் பக்கம் திருப்பிவிட்டு, டீ போட உள்ளே போனாள். மனுஷன் அதை மூடிவிடவில்லை என்பதைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டாள்.

செக்ரட்டரி தங்கப்பன் வழக்கம்போல் அவர் காதருகே குனிந்து, "பால் எடுக்குத ஷெட்டுக்க கூரை ஒழுகுகு!" என்று முழங்கினார். திரை அதை எழுதியது. தாசையன் கடைக்கண்ணால் பார்த்தார், பதில் சொல்லவில்லை. தங்கப்பன் மற்றவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முக்காலியை ஒட்டி உட்கார்ந்திருந்த ரத்னபாய் பக்கத்தாளிடம், வழக்கமாக அந்த வீட்டில் எல்லோரும் செய்வதுபோல, குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "பாவம், சும்மா பிடிச்சு இருத்தி வச்சதுபோல இருக்காரு."

மூன்று நொடி.

"சும்மா இருக்கேல்ல, ரத்னபாய்" என்றார் தாசையன். "ஷெட்டுக்க வடக்கு மூலையில்தான் ஒழுகும். ஓட்டை மாத்தினா போதாது, அடியில கழுக்கோல் மரம் இத்துப்போச்சு."

 ரத்னபாய் வாயைப் பொத்திக்கொண்டாள். தனக்கென்று சொன்னதை மட்டுமே இத்தனை மாதம் வாசித்துக்கொண்டிருந்த மனிதர், தனக்கென்று சொல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டார். அதுதானே காது? கதவுக்குப் பின்னால் விலாசினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கூரையைப் பற்றி அரைமணி நேரம் சண்டை நடந்தது. "ஒவ்வொரு ஆளாட்டுப் பறையுங்க, மெஷின் எழுதண்டாமா?" என்று தாசையன் இரண்டு பேரை அதட்டினார்.

கடைசியில் தங்கப்பன் நோட்டைப் புரட்டினார். போன வாரமே தாசையன் சொல்லி அனுப்பி, அவர் எழுதி வைத்த விஷயம். வாசிக்கத் தயங்கி, முன்னைவிட மெதுவாக, "பிரசிடெண்டுக்க ராஜி" என்றார்.

திரையில் அது வந்தது.  தாசையனின் கை சட்டைப் பைக்குப் போனது. மெல்லிய துணிக்குள் தாளின் மூலை தெரிந்தது. சரியாக அந்த நேரத்தில்தான் விலாசினி டீத்தட்டோடு வந்து முக்காலியின் பக்கம் குனிந்தாள். தனக்குள் முணுமுணுத்தாள் என்றுதான் அவள் நினைத்தாள். பதினான்கு மாதமாக இந்த மனிதரின் பக்கத்தில் நின்று எதையும் பயமில்லாமல் முணுமுணுத்துப் பழகியிருந்தாள்.

கட்டி மின்னியது. அசைந்தது.

'கர்த்தாவே இவர் அதை எடுக்கப்பிடாது'

எட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். தாசையன் அந்த வரியை உதடு அசைய, எழுத்து எழுத்தாக, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, பைக்குள் போன கையை வெறுங்கையாகவே வெளியே எடுத்து நீட்டினார். டீ கிளாஸுக்கு என்று நினைத்து அவள் தட்டைக் கிட்டே கொண்டுபோனாள். அந்தக் கை தட்டைத் தாண்டி வந்து, அவள் மணிக்கட்டில், ஒரே ஒரு விரலால், ஒரு தட்டுத் தட்டியது.