வலி தெரியாத எலிகள்

வலிக்கிறது என்று எலி வாய் திறந்து சொல்லுமா? அதனால் அந்த மருந்து ஆய்வுக்கூடத்தில் அதன் பாதத்தில் ஊசி போட்டு வீங்க வைப்பார்கள். புது வலி மருந்தைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்குவார்கள். பிறகு காலை ஊன்றுகிறதா என்று பார்ப்பார்கள். நொண்டிய எலியெல்லாம் குடுகுடுவென்று ஓடியதைப் பார்த்து, கூண்டு கழுவுகிற அவளுக்கு வாயெல்லாம் பல்.

அவள் புருஷன் டைல்ஸ் பதிக்கிறவன், முட்டி போட்டுப் போட்டே முட்டி தேய்ந்தவன். அவன் படும் பாட்டைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. கொட்ட வேண்டிய மிச்ச மருந்தை ஒரு குப்பியில் ஊற்றிக்கொண்டு போனாள். எலிக்கு ஆகிறது மனுஷனுக்கு ஆகாதா என்ன? டாக்டர் கொடுத்தது என்று கூசாமல் புளுகினாள். அவனும் தினமும் குடித்துவிட்டு மாடிப்படியைத் தாவித் தாவி ஏறினான்.

இன்று காலை கூண்டின் அடித்தட்டை இழுத்தவள் திடுக்கிட்டாள். புழுக்கையெல்லாம் தார் மாதிரி கறுத்து ஒட்டிக் கிடந்தது. மூலையில் ஒரு எலி செத்துக் கிடந்தது.

ஆய்வை நடத்துகிற டாக்டரம்மா அதன் வயிற்றை அறுத்துப் பார்த்தார். உள்ளே ஒரே புண், ரத்தக் கசிவு.

"நேத்துகூட நல்லா ஓடிச்சே மேடம்?"

"ஓடத்தான் செய்யும். கால் வலியோட வயித்து வலியையும் சேர்த்து மறைச்சிருக்கு. உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு கறுப்பாப் போயிருக்கு, பாவம், அதுக்கே தெரியல."

அவள் வெளியே ஓடிப்போய்ப் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, வயிறு வலிக்குதா?"

"வலியா? உன் புண்ணியத்துல எனக்கு முட்டி இருக்கறதே மறந்துபோச்சு!" என்று சிரித்தான்.

"வெளிக்குப் போனீங்களா? என்ன நிறம்?"

"கேக்கற கேள்வியைப் பாரு! ரெண்டு நாளா கறுப்பாத்தான் போகுது. இன்னிக்குக் கொஞ்சம் தலை கிறுகிறுங்குது. இரு, மேல் மாடிக்கு டைல்ஸ் ஏத்திட்டு..."

"ஏறாதீங்க! அங்கயே உக்காருங்க!"

டைல்ஸ் விழுந்து நொறுங்குகிற சத்தம்தான் கேட்டது.

சொன்னால் வேலை போகும், போலீஸ்கூட வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே ஓடினாள்.

"மேடம், அதே கறுப்பு இன்னொரு இடத்துலயும் இருக்கு. ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லுங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "எலிக்கு எதுக்கு ஆம்புலன்ஸ்? எந்தக் கூண்டு, சொல்லு."

"என் வீட்டுக்காரர், மேடம்."