லுவாவின் ஐந்து கட்டை

கணவர் தோவானின் நூறாம் நாள் படையல் முடிந்த மறுநாளே லுவா பாட்டுப் படகுக்கு வந்துவிட்டாள். நாற்பது வருஷமாக வியட்நாமின் ஹுவே நகரத்து ஆற்றில் அவள் பாட, தோவான் இரண்டு தந்தி நிலவு வீணை வாசிப்பார். இன்று அவர் இடத்தில் உயென் என்ற புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். பாட்டுக் கேட்க ஆட்கள் ஏற இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"சுருதி என்ன வைக்கட்டும் அத்தை?"

"அஞ்சு கட்டை. கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்து அதேதான்," என்றாள் லுவா. அதில் அவளுக்குக் கொஞ்சநஞ்ச கர்வமா! ஊரில் வேறெந்தப் பாடகிக்கும் அறுபது வயதில் அந்தக் குரல் இல்லை.

உயென் கைபேசியில் சரிபார்த்துத் தந்தி முறுக்கும் பிரடையைத் திருகினாள். லுவா கையிலிருந்த சின்னத் தேநீர்க் கிண்ணங்களைத் தட்டித் தாளம் போட்டபடி ஒரு சோகப் பாட்டை எடுத்தாள். மூன்றாவது அடியில் குரல் உடைந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் உடைந்தது.

"உனக்குப் பிரடையே திருகத் தெரியலடி! தொண்டையைக் கிழிக்கப் பாக்குறியா?"

பெண் மிரண்டுபோனாள். பக்கத்தில் பதினாறு தந்தி வாத்தியம் வாசிக்கும் கியெம்தான் வாயைத் திறந்தார்.

"அவளைத் திட்டாதீங்க அண்ணி. அவ வச்சது சரியான அஞ்சு. அண்ணன் இருந்தப்போ கடைசியா நீங்க பாடிட்டிருந்தது மூணு."

"என்ன உளர்றே?"

"எட்டு வருஷமா அண்ணன் அரை அரையா இறக்கிட்டே வந்தாரு. எங்களையும் இறக்கச் சொன்னாரு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

லுவா கிண்ணங்களைப் பாயில் வைத்துவிட்டாள். இந்த எட்டு வருஷமும் எத்தனை பேர் முன்னால் அவரை வைதிருக்கிறாள்! தந்தி தொளதொளவென்று தொங்குகிறது, காது செத்துவிட்டதா, வாசிப்பை விட்டுவிட்டுத் தெருவில் சிப்பிச் சோறு விற்கப் போங்கள் என்றெல்லாம். வயசாயிடுச்சுல்ல என்று மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். அவள் வயதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு சிரித்திருக்கிறார், பாவி மனுஷன்.

"கடைசியா ஆஸ்பத்திரியில என்ன சொன்னாரு? மறைக்காம சொல்லு."

கியெம் தன் வாத்தியத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தார். "அடுத்த வருஷம் இன்னொரு அரை இறக்கணும், புதுசா வர்றவங்க கிட்ட சொல்லிவை, அவளுக்குத் தெரியாமப் பாத்துக்கன்னாரு. நான்தான் இன்னிக்கு இந்தப் பொண்ணுகிட்ட சொல்ல மறந்து தொலைச்சுட்டேன்."

லுவா சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அந்த அரையையும் இப்பவே இறக்கிடும்மா."

"அவ்வளவு வேணாம் அத்தை, மூணே போதும்…"

"இறக்கு. என்கிட்டேர்ந்து ஒளிச்சு வைக்க இனிமே யாரு இருக்கா?"

உயென் இறக்கினாள். லுவா பாடினாள். குரல் எங்கும் தட்டவில்லை, அத்தனை சுகமாகப் போனது. இரண்டாவது அடிக்கு மேல் அவளால் பாட முடியவில்லை.