கொசுவின் வயிற்றில் காவல் பிரிவு

சகாயமேரி கொசுவின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தபோது காலை மணி பதினொன்று. காவல் பிரிவைத் திறந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

அவள் புருஷன் லூர்துவுக்கு மலேரியா. அவனைக் கடித்த கொசு பத்து நாள் கழித்து மகள் ஸ்டெபியைக் கடிக்கும் என்று வீட்டுக்குக் கடிதம் வந்திருந்தது. அந்தக் கொசுவின் வயிற்றில் பாக்டீரியாக்கள் குடியிருப்பதாகவும், மலேரியாக் கிருமியை மேலே போகவிடாமல் தடுப்பது அவர்கள் பொறுப்பு என்றும் அதிலேயே போட்டிருந்தது. சகாயமேரி மனு எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நடக்க நடக்க வராந்தா நீண்டது. இரண்டு பக்கமும் நாற்காலிகள், நாற்பதாயிரம் இருக்கும். எல்லாம் காலி. கடைசி நாற்காலியில் மட்டும் ஒரு பாக்டீரியா, மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மத்தவங்கள்லாம் எங்க சார்? லீவா?"

"செத்துட்டாங்க. உன் வூட்டுக்காரருக்கு இன்னா மாத்திர குடுத்தே?"

ஜுரம் வந்த அன்றே மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்திருந்தாள். டாக்டர் சீட்டெல்லாம் அந்தத் தெருவில் யார் கண்டது? ஜுரத்துக்கு ரெண்டு நாளைக்குக் கொடுங்கள் என்றால் கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கித் தருவார்.

"செவப்பும் கறுப்புமா நாலு கேப்சூலு சார். ஜுரத்துக்குன்னுதான் குடுத்தாங்க."

"மலேரியாவ அது ஒண்ணும் பண்ணல. அவர் ரத்தத்தோட அந்த மருந்தும் எங்ககிட்ட வந்துது. சாப்பாட்டு நேரம். எல்லாரும் சாப்ட்டாங்க."

"நீங்க?"

"நான் அன்னிக்கு வெரதம்."

சகாயமேரி காலி நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தாள். பெற்ற பெண்ணுக்கு இருந்த காவலைத் தன் கையாலேயே தீர்த்துக்கட்டியிருக்கிறாள். திட்டுவதற்குக்கூட வேறு ஆள் இல்லை.

"நீங்க ஒருத்தராச்சும் தடுங்க சார்."

"தடுக்கலாம். மனுவுல மேலதிகாரி கையெழுத்து வேணும்."

"அவரு எங்க?"

பாக்டீரியா பக்கத்துக் காலி நாற்காலியைக் காட்டினார்.

அப்போது மலேரியாக் கிருமி உள்ளே வந்தது. இஸ்திரி போட்ட சட்டை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது. பாக்டீரியா எழுந்து நின்று வழிவிட்டார். கிருமி நேராக சகாயமேரியிடம் வந்து பேனாவைத் திறந்தது.

"பொண்ணு எந்தப் பக்கம் படுக்கும்மா?"

ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எங்கேயும் கேட்டதற்குப் பதில் சொல்லித்தான் அவளுக்குக் காரியம் நடந்திருக்கிறது.

"சொவத்தோரமா சார்."

கிருமி எழுதிக்கொண்டது.

"போர்வ உண்டா?"

"உண்டு சார். காலுக்கு எட்டாது."