நின்று நின்று நடந்தவர்

கடைத்தெருவில் கணவர் மூன்றாவது முறையாக நின்றபோது அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது பெண்கள் உள்ளாடைக் கடையின் கண்ணாடியை.

"ஏங்க, அறுபத்தாறு வயசுல இங்க என்ன வேடிக்கை?"

"சும்மாதான்."

இரண்டு நிமிடத்தில் ஒன்றும் நடக்காததுபோல் நடந்தார். நூறு அடி போனதும் ஒரு சாவிக்கடை முன்னால் நின்றார்.

இந்த மனிதரா இப்படி? இருவரும் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் மாலை பஸ் வந்து நிற்கும், ஏறமாட்டார். "கூட்டமா இருக்கு, நடந்துடலாமா?" என்பார். பஸ்ஸில் பாதி இருக்கை காலியாகக் கிடக்கும். அவளும் தெரியாததுபோல் தலையாட்டுவாள். நாலு நிறுத்தம் நடந்து அவள் தெருமுனைக்கு வந்தாலும் பேச்சு முடியாது. வந்த வழியே ஒரு நிறுத்தம் திரும்ப நடப்பார்கள். கல்யாணப் பேச்சை அவர் எடுத்ததும் அப்படியொரு மழை மாலையில்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய செருப்பு வாரைக் கழற்றிவிடக் குனிந்தவள் திடுக்கிட்டாள். கொளுத்தும் வெயிலிலும் இரண்டு பாதமும் சில்லிட்டிருந்தன.

"நடந்தா தொடை, கெண்டைக்கால் எல்லாம் பிடிச்சு இழுக்குது. நின்னா விட்டுடுது," என்று அப்போதுதான் வாய் திறந்தார்.

மறுநாள் டாக்டர் பாதத்தில் நாடி தேடினார், பிறகு தொடை இடுக்கில். சரியாகப் பிடிபடவில்லை. ஸ்கேன் வந்ததும் படத்தைக் காட்டினார்.

"கோளாறு கால்ல இல்லம்மா. இதயத்துலேருந்து இறங்குற பெரிய ரத்தக்குழாய் தொப்புள்கிட்ட ரெண்டாப் பிரியுது. அங்க அடைச்சிருக்கு. நடக்கும்போது காலுக்கு ரத்தம் பத்தல. சிகரெட் உண்டா?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"நாப்பது வருஷமா," என்று அவள் போட்டு உடைத்தாள்.

தொடை வழியாகக் குழாய் விட்டு, அடைப்பை விரித்து, ஸ்டென்ட் வைத்தார்கள். வார்டில் அவள் போர்வைக்குள் கைவிட்டுப் பாதங்களைத் தொட்டாள். கதகதவென்று இருந்தன. அழுகை வந்துவிட்டது.

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னா வீட்டோட இருங்கன்னுடுவே. உன்கூட நடக்கறது போயிடுமேன்னு..."

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

சிகரெட்டை விட்ட மனிதர் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆறாவது வாரம் பூங்காவை இரண்டு சுற்று நிற்காமல் நடந்தார். மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கியது அவளுக்குத்தான்.