உள்ளடக்கத்தில் இல்லாத வூடு

பாலக்கரையில் டைப்பிங் கடை வைத்திருக்கும் ரீட்டாவுக்கு அன்றைக்கு மண்டை காய்ந்துபோனது. சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்துக் கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரர்கள் கொடுக்கிற மனு, வீட்டுக்கு ஒரு வாக்குமூலமாக நூற்றுப்பத்துப் பக்கம். மூன்று மணிக்குள் நிலமெடுப்பு ஆபீசில் கொடுத்தாக வேண்டும். முதல் பக்கத்து உள்ளடக்கப் பட்டியலில் பேர் உள்ளவர்களைத்தான் விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம்.

அந்த உள்ளடக்கத்தை ரீட்டா கையால் அடிப்பதில்லை. கம்ப்யூட்டரில் மேக்ரோ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் தலைப்புகளைப் பொறுக்கிப் பக்க எண்ணோடு வரிசை கட்டிவிடும். யாரோ எழுதிக் கொடுத்தது, அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று இவளுக்கு எங்கே தெரியும்?

"எம்பேரு இல்லியே பாப்பா," என்றாள் ஆதிலட்சுமி. சரிபார்க்க பஸ் ஏறி வந்தவள், தாளில் விரல் வைத்து மூன்று தடவை தேடிவிட்டாள்.

"இருக்குதுக்கா, நாப்பத்தோராம் பக்கம்."

பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளடக்கத்தில்தான் இல்லை. ரீட்டா பேரை அழித்துத் திரும்ப அடித்து அமுக்கினாள். இல்லை. எழுத்தைப் பெரிதாக்கி அமுக்கினாள். மற்ற அறுபத்திரண்டு பேரும் சமர்த்தாக வந்தார்கள், ஆதிலட்சுமி மட்டும் வரவில்லை. இதென்ன கூத்து, இந்தப் பொம்பளைமேல் அந்தச் சனியனுக்கு என்ன கோபம்? மணி இரண்டைத் தாண்டிவிட்டது.

"கூப்புடலன்னா என் நெலத்துக்கு யாரு பேசுவாங்க?" என்றாள் ஆதிலட்சுமி.

கையாலேயே சேர்த்துவிடலாம் என்று, யாருக்கு அடுத்து வருமென்று பார்க்க, ரீட்டா திரை ஓரத்துத் தலைப்புப் பட்டியலைத் திறந்தாள். ஊர் சார்பில் மனுவைக் கொண்டுவந்த பக்கிரி பேருக்குக் கீழே, ஒரு படி உள்ளே தள்ளி, ஆதிலட்சுமி. துணைத்தலைப்பு. மேக்ரோ முதல்படித் தலைப்பை மட்டும்தான் பொறுக்கும் போல.

காகிதக் கட்டைக் கொண்டுவந்த அன்று பக்கிரி சொன்னது ஞாபகம் வந்தது. "அது என் தம்பி சம்சாரம். தம்பி தவறிட்டான். எங்க வூட்டுலயே சேத்துடும்மா." ஒரு வார்த்தை கேட்காமல் இவளும் சேர்த்துவிட்டாள். மெஷினைத் திட்டியதெல்லாம் வீண். வெட்கமாக இருந்தது.

"நீங்க பக்கிரியண்ணன் வூட்டுலயாக்கா இருக்கீங்க?"

"தனியா ஒல வச்சி நாலு வருஷமாவுது. நெலம் எம்பேருல, கார்டு எம்பேருல."

ரீட்டா அந்தப் பேரை ஒரு படி வெளியே இழுத்து அமுக்கினாள். இருபத்துநாலாவதாக வந்து உட்கார்ந்தது. ஆதிலட்சுமி திரையில் அதன்மேல் விரல் வைத்தவள் எடுக்கவே இல்லை.

போன் அடித்தது. பக்கிரிதான். "முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுதுங்க. மொத்தம் அறுபத்துமூணு வூடு."

"அறுபத்திரண்டுதான?"

"இல்லீங்க," என்றாள் ரீட்டா. "ஒரு வூட்டத் தப்பா உங்க வூட்டுக்குள்ள போட்டுருந்தேன்."