எட்டாம் பீஸ்

எனக்கு வாய்தான் போனது, காது போகவில்லை. நசரத்பேட்டை முதியோர் இல்லத்தில் இது ஒருவருக்கும் உறைக்கவில்லை. பக்கவாதம் வந்தவன் செவிடன் என்று யார் சொன்னது?

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், நான் அங்கே போன புதிதில், எங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டம் பெண்களுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பாதிப்பேர் அம்பத்தூர் எஸ்டேட்டின் துணி தைக்கும் கம்பெனிகளில் வேலை போனதால் இங்கே வந்தவர்கள். நானும் அதே எஸ்டேட்டில் லேத் மெஷினில் இரும்பு கடைந்தவன்தான். ஆனால் மனுஷனையும் இரும்பையும் ஒரே வாயால் கூப்பிட்டதில்லை.

ஒருநாள் காலை, பக்கத்துக் கட்டில் வேதமுத்து வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தார். அருள்செல்வி என்ற பெண் அவர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. திரைக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்.

"சிஸ்டர், எட்டாம் பீஸ முடிச்சிட்டேன்! இப்ப சத்தமே இல்ல. அடுத்து ஒம்போத முடிச்சிடறேன்!"

ஒன்பதாம் கட்டில் நான்.

வேதமுத்துவைக் கொன்றுவிட்டாள், அடுத்து நான்! மாதா படத்துக்குக் கீழே நின்றுகொண்டு ரவுடி மாதிரி பேசுகிறாளே! கத்தப் பார்த்தேன். எச்சில்தான் வழிந்தது. ஒரு கையில் தண்ணீர் பேசினும் மறு கையில் முறுக்கிய துண்டுமாக வந்தாள். துண்டு என் கழுத்துக்குத்தான் என்று சத்தியமாக நம்பினேன். விளங்கிய ஒரே கையால் விட்டேன் ஓர் அறை. பேசின் கவிழ்ந்து தரையெல்லாம் தண்ணீர்.

"ஐயோ, அடிச்சிட்டாரு சிஸ்டர்! இந்தாளு மெண்டலா கீறாரு. எனக்கு இந்த வேலையே வாணாம்!"

பயிற்சி கொடுக்கும் நர்ஸ் ஞானகுமாரி ஓடி வந்தார். வெளிறிப் போயிருந்த என் முகத்தைப் பார்த்தார்.

"இவர் காதுல உழற மாதிரி இன்னா சொன்னே?"

"எட்டாம் பீஸ முடிச்சிட்டேன்னு. தையல் கம்பெனில அப்டிதானே சிஸ்டர் சொல்லுவோம்?"

சிஸ்டர் திரையை விலக்கிக் காட்டினார். உடம்பு துடைத்த சுகத்தில் வேதமுத்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சிஸ்டர் அதோடு விடவில்லை. அருள்செல்வியைக் காலிக் கட்டிலில் படுக்கவைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்றார். மற்றப் பெண்களைக் கூப்பிட்டு, துண்டும் கையுமாக அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "இத முடிச்சிடலாமா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அருள்செல்வி அலறி எழுந்தாள்.

"பேர் சொல்லிக் கூப்புடு. இன்னா செய்யப் போறேன்னு சொல்லு. அப்பால கை வை," என்றார் சிஸ்டர்.

அன்றிலிருந்து, "பரந்தாமன் ஐயா, மொகத்தத் தொடைக்கிறேன்," என்று சொல்லாமல் அவள் என்னைத் தொட்டதில்லை. எனக்குத்தான் கோபம் ஆற நாளாயிற்று.

மழைக்காலத்தில் ஒருநாள் வேதமுத்து தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். காலையில் உடம்பைத் துடைக்க அருள்செல்விதான் வந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது.

"வேதமுத்து ஐயா, தண்ணி சில்லுனு கீது. கையத் தூக்கறேன் ஐயா. இப்ப ஒருக்களிச்சுத் திருப்புறேன், பயப்படாதீங்க."

அதிர்ந்துபோனேன். செத்தவரிடம் சொல்லிச் சொல்லிச் செய்கிறாள்! என்னை இங்கே கொண்டுவந்த அன்று என் மகன் சண்முகசுந்தரம் வழியெல்லாம் டாக்ஸி டிரைவரோடு பேசிக்கொண்டு வந்தான். எங்கே போகிறோம் என்று என்னிடம் சொல்லவில்லை.